சித்தூரில் புல்லட் ரயில் நின்றால்: வட்டார அதிவேக நிலையம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சென்னை – பெங்களூரு – மைசூரு அதிவேக ரயில் பாதை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் சித்தூர்ப் பக்கம் கேட்கும் முதல் கேள்வி, “நம்ம ஊர்ல நிக்குமா?” என்பதுதான். தேசிய அதிவேக ரயில் கழகம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது இந்த வழித்தடம் சுமார் 435 கிலோமீட்டர் என்றும், சென்னை, பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர், பங்காருபேட்டை, பெங்களூரு, சென்னபட்டணா, மண்டியா, மைசூரு என ஒன்பது இடங்களில் நிலையம் வரும் என்றும் சொல்லப்பட்டது. அந்தப் பட்டியலில் ஆந்திரத்துக்குள் இருப்பது சித்தூர் மட்டும். பாதை இன்னும் தாளில்தான் இருக்கிறது. வழியும் மாறலாம், நிலையமும் மாறலாம். ஆனால் இப்படி ஒரு நிலையம் எப்படி வேலை செய்யும் என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொண்டால், நாளைக்கு அதிகாரிகள் வரைபடத்தை விரித்துக் காட்டும்போது கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

“நிக்குமா?” என்பது பாதிக் கேள்விதான். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி நிற்கும், இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குப் போக என்ன இருக்கிறது, இந்த இரண்டும் மீதிப் பாதி. சிறிய ஊர்களுக்கென்று உலகத்தில் கட்டப்பட்ட அதிவேக நிலையங்களில் செழித்தவையும் வெறிச்சோடியவையும் பிரிவது இந்த மீதிப் பாதியில்தான்.

எது அதிவேகம்?

சர்வதேச ரயில்வே சங்கத்தின் கணக்குப்படி, புதிதாகப் போடும் பாதையில் மணிக்கு 250 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓடினால் அதிவேக ரயில். பழைய பாதையைச் செப்பனிட்டு ஓட்டினால் 200 கிலோமீட்டர் போதும். காட்பாடியில் நின்று போகும் சென்னை – மைசூரு வந்தே பாரத் 2022 நவம்பரில் ஓடத் தொடங்கியது. நல்ல வண்டிதான், ஆனால் அதிவேக வகையில் சேராது. வந்தே பாரத்துக்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே 160தான். கேரளம் திருவனந்தபுரம் முதல் காசர்கோடு வரை திட்டமிட்ட சில்வர்லைன் 200 கிலோமீட்டர் வேகத்துக்கானது, அதனால் அதைக் ‘குறை அதிவேகம்’ என்றார்கள். மும்பை – அகமதாபாத் பாதை மட்டுமே நம் நாட்டில் முழு அர்த்தத்தில் அதிவேகப் பாதை: 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள், மணிக்கு 320 கிலோமீட்டரில் ஓட்டுவதற்காகக் கட்டப்படுவது.

தண்டவாளமும் வேறு. நம்முடைய அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். மும்பை – அகமதாபாத் பாதையில் 1435. அதாவது நம் பழைய பாதையில் ஓடும் வண்டி இதில் ஏறாது, இதில் ஓடும் வண்டி காட்பாடி ஜங்ஷனுக்குள் வராது. சென்னை – பெங்களூருவுக்கும் அதே அளவில் பாதை வந்தால் இரண்டையும் பயணிகள் கால்நடையாகத்தான் இணைக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள். நிலையம் எங்கே வர வேண்டும் என்ற வாதம் முழுக்க இதிலிருந்துதான் கிளம்புகிறது.

நிலையம் ஏன் ஊருக்கு வெளியே போகிறது?

பழைய ரயில் பாதைகள் ஊரைத் தேடிப் போனவை. ஆற்றை ஒட்டி, குன்றைச் சுற்றி, கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வளைந்து வந்து நின்றன. 320 கிலோமீட்டரில் போகிற வண்டி அப்படி வளைய முடியாது. மும்பை – அகமதாபாத் பாதையில் வளைவின் ஆரம் பொதுவாக ஆறு கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஆறு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் சித்தூர் நகரமும் சுற்றியுள்ள கிராமங்களும் அதற்குள் அடங்கிவிடும். அவ்வளவு பெரிய வட்டத்தின் விளிம்பில்தான் பாதை திரும்பலாம் என்றால், அது ஊருக்குள் நுழைந்து பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் நின்றுவிட்டு வெளியேறுவது எப்படி? வீடுகளை இடிக்க வேண்டும், இல்லையென்றால் சுரங்கம் தோண்ட வேண்டும். பெரிய நகரங்களுக்கு அந்தச் செலவைச் செய்வார்கள். சிறிய ஊருக்குச் செய்ய மாட்டார்கள். பாதை ஊரைத் தொடாமல் போகும், நிலையம் பாதையோடு போகும்.

அதனால்தான் ஜப்பானில் ஷின் ஒசாகா, ஷின் யோகோஹாமா என்று ‘புது’ அடைமொழியோடு நிலையங்கள் இருக்கின்றன. பிரான்சில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் டிஜிவி (அந்நாட்டு அதிவேக ரயிலின் பெயர்) என்று சேர்த்திருந்தால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே என்று புரிந்துகொள்ளலாம். ஊருக்கு வெளியே இருப்பது குற்றமில்லை. வெளியே எங்கே என்பதுதான் விஷயம்.

ஒரு நிறுத்தத்தின் விலை ஆறு நிமிடம்

“இவ்வளவு செலவு பண்ணி நிலையம் கட்டுறாங்க, எல்லா வண்டியும் நின்னா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மணிக்கு 320 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 89 மீட்டர். பயணிகள் தடுமாறாத அளவுக்கு, நொடிக்கு நொடி அரை மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், வண்டி நிற்க மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் எட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கும். திரும்ப அந்த வேகத்தை எட்டுவது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு அதிகமாவதால் ஐந்து நிமிடமும் பதின்மூன்று கிலோமீட்டரும் ஆகும் என்று வைப்போம். நிலையத்தில் இரண்டு நிமிடம் நிற்கிறது. ஆக, இருபத்தொரு கிலோமீட்டரைக் கடக்கப் பத்து நிமிடம். நிற்காமல் போயிருந்தால் அதே தூரத்துக்கு நாலு நிமிடம். இழப்பு ஆறு நிமிடம். காட்பாடியை விட்ட வண்டி குடியாத்தம் ஸ்டேஷனை நெருங்கும் தூரம் அந்த இருபத்தொரு கிலோமீட்டர். ஒரே ஒரு நிறுத்தத்துக்காக அவ்வளவு தூரமும் வண்டி தன் முழு வேகத்தில் இல்லை.

மும்பை – அகமதாபாத் திட்டத்தில் சொல்லப்பட்ட நேரங்களும் இதையே காட்டுகின்றன. சில இடங்களில் மட்டும் நிற்கும் வண்டிக்கு 2 மணி 7 நிமிடம், எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டிக்கு 2 மணி 58 நிமிடம். வித்தியாசம் 51 நிமிடம்; அதை ஏழெட்டுக் கூடுதல் நிறுத்தங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அடுத்த சிக்கல் பின்னால் வருகிற வண்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வண்டி விட்டால், முன்னால் போவது ஒரு நிலையத்தில் ஆறு நிமிடத்தை இழக்கும்போது பின்னால் வருவது அதை எட்டிப் பிடித்துவிடும். இவ்வளவு வேகத்தில் ஓட்டுநர் பாதையோர சிக்னல் விளக்கைப் பார்த்துச் சுதாரிக்க முடியாது. போகலாமா, எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பது ஓட்டுநர் அறைக்குள்ளேயே திரையில் வரும், மீறினால் பிரேக் தானாகப் பிடிக்கும். அதனால் மோதல் நடக்காது. ஆனால் பின்னால் வரும் வண்டி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அப்படி விட்டால் கோடி கோடியாகக் கொட்டிப் போட்ட பாதை, சாதாரணப் பாதையாகிவிடும்.

இதற்கான தீர்வு சிறிய நிலையத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவில் இரண்டு நேர்ப்பாதை, இரு ஓரமும் ஒவ்வொரு லூப் லைன், லூப்பை ஒட்டிப் பிளாட்பாரம். நிற்கிற வண்டி லூப்பில் ஒதுங்கும். நிற்காத வண்டி நடுவில் பறந்து போகும். ஜப்பானின் டோக்கியோ – ஷின் ஒசாகா பாதையில் இதை நேரிலேயே பார்க்கலாம். அங்கே மூன்று வகை வண்டிகள்: நொசோமி பெரிய ஊர்களில் மட்டும் நிற்கும், ஹிகாரி இன்னும் சில ஊர்களில் நிற்கும், கொடாமா எல்லா நிலையத்திலும் நிற்கும். நம் ஊர் ஒன் டூ ஒன் பஸ்ஸும் ரூட் பஸ்ஸும் ஒரே சாலையில் ஓடுவது மாதிரிதான். சிறிய நிலையத்தில் கொடாமா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான்கைந்து நிமிடம் சும்மா நிற்கும். ஏறுபவர்கள் ஏறி முடித்திருப்பார்கள், ஆனால் வண்டி கிளம்பாது. திடீரென்று நடுப்பாதையில் நொசோமி வரும். பதினாறு பெட்டிகள், நானூறு மீட்டர் நீளம். பிளாட்பாரத்தில் நிற்பவர் தலையைத் திருப்புவதற்குள் அது முழுவதும் கடந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் கொடாமா காற்றடித்து லேசாக ஆடும். அதன் பிறகுதான் கொடாமாவுக்கு வழி.

சித்தூரில் நிலையம் வந்தால் அதுவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நம் ஊருக்கு நிற்பது கொடாமா வகை வண்டியாக இருக்கும், நொசோமி வகை வண்டியாக இருக்காது. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. கொடாமா மணிக்கு ஒன்றாவது வந்தால் ஊருக்கு அது மிகப் பெரிய வசதி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் அந்த நிலையம் இருந்தும் பயனில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

டோக்கியோ – ஷின் ஒசாகா பாதை 1964இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னை – பெங்களூரு பிருந்தாவன் எக்ஸ்பிரஸும் ஓடத் தொடங்கியது. அந்த ஜப்பான் பாதையில் ஒரே நாளில் பிறந்த இரண்டு நிலையங்களைப் பாருங்கள்.

ஒன்று ஷின் யோகோஹாமா. கட்டியபோது சுற்றிலும் வயல். நகரத்தின் பழைய நிலையம் தள்ளியிருந்தது. ஆனால் இடத்தைத் தேர்ந்தவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள்: புதுப் பாதை பழைய யோகோஹாமா கிளைப் பாதையைக் கடக்கும் புள்ளியில் நிலையத்தை வைத்தார்கள். அதிவேக ரயிலில் இறங்கியவர் அங்கேயே ஏறி நகரத்துக்குப் போகலாம். 1985இல் நகர மெட்ரோவும் வந்து சேர்ந்தது. அலுவலகங்கள் முளைத்தன. 2008 முதல் நொசோமி உட்பட எல்லா வண்டிகளும் அங்கே நிற்கின்றன.

இன்னொன்று கிஃபு ஹஷிமா. அதுவும் வயலுக்கு நடுவில்தான் பிறந்தது. பாதை கிஃபு நகரத்தைத் தொடாமல் போனதால் அந்த மாகாணத்துக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று அரசியல் தலைவர் ஓனோ பான்போகு முன்னின்றார். அவருக்கும் அவர் மனைவிக்கும் நிலைய வாசலில் சிலை இருக்கிறது. பக்கத்து மலைப்பகுதியில் பனி கொட்டும் நாட்களில் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தவும் அந்த இடம் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கிஃபு நகரத்தோடு அதை இணைக்கும் உள்ளூர் ரயில் 1982இல்தான் வந்தது. பதினெட்டு வருடம் கழித்து. இன்றைக்கும் நொசோமி அங்கே நிற்பதில்லை.

பிரான்சில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகத் தெரியும். பாரிசுக்கு வடக்கே ஓத் பிக்கார்தி என்ற நிலையம் 1994இல் திறந்தது. அமியான், சாங்காந்தான் என்ற இரண்டு ஊர்களும் தங்களுக்கு வேண்டும் என்று கேட்க, இரண்டுக்கும் நடுவில் கட்டினார்கள். அங்கே உள்ளூர் ரயில் இல்லை. சுற்றிலும் பீட்ரூட் வகைப் பயிர் விளையும் வயல். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘பீட்ரூட் நிலையம்’. காரில் வந்து நிறுத்திவிட்டு ஏறுபவர்களுக்கு மட்டுமே அது பயன். இதே தவறு 2007இல் லொரேன் நிலையத்தில் திரும்ப நடந்தது. மெட்ஸ், நான்சி என்ற இரு நகரங்களை இணைக்கும் பழைய ரயில் பாதையை அதிவேகப் பாதை ஓரிடத்தில் கடக்கிறது. நிலையத்தை வைத்ததோ வேறிடத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில்.

வாலான்ஸ் நகரத்துக்கு வெளியே சுமார் பத்து கிலோமீட்டரில் 2001இல் கட்டிய நிலையத்தில் மட்டும் சரியாகச் செய்தார்கள். கிரெனோபிள் போகும் வட்டார ரயில் பாதை கடக்கும் இடத்திலேயே நிலையம். ஒரே கட்டடத்துக்குள் நடந்து மாறிவிடலாம். அவின்யோன் நிலையம் அதே 2001இல் திறந்தது, ஆனால் நகரத்தின் பழைய நிலையத்தோடு அதை இணைக்கும் குட்டி ரயில் இணைப்பு 2013இல்தான் வந்தது. ஐந்து நிமிடப் பயணம்தான் அது. பன்னிரண்டு வருடம் பஸ்ஸை நம்பியிருந்தார்கள். தைவானின் தைனான் நிலையத்துக்கும் இதே கதை, அங்கே காத்திருப்பு நாலு வருடம்.

ஸ்பெயினின் சியுதாத் ரியால் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். முக்கால் லட்சம் பேர் வாழும் ஊர், சித்தூரைவிடச் சிறியது. 1992இல் மாட்ரிட் – செவில் அதிவேகப் பாதை வந்தபோது ஊரின் விளிம்பில், நடந்து போகும் தூரத்திலேயே நிலையம் அமைந்தது. நீண்டதூர வண்டிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மாட்ரிடுக்கும் இந்தப் பக்கத்து ஊர்களுக்கும் இடையே மட்டும் ஓடும் குறுந்தூர அதிவேக வண்டியை விட்டார்கள். தினமும் போகிறவர்களுக்குச் சலுகை பாஸ் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தலைநகரம். வேலைக்குப் போகிறவர்கள் ஊரைக் காலி செய்யாமல் அங்கேயே குடியிருந்தபடி போய்வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த மாட்ரிடிலிருந்து ஆசிரியர்கள் வந்துபோனார்கள்.

அதே ஸ்பெயினில் குவாதலஹாரா நகரத்துக்காக 2003இல் திறந்த நிலையம் ஊரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போனது. ஊருக்குள்ளேயே மாட்ரிட் போகும் புறநகர் ரயில் இருக்கும்போது யார் அவ்வளவு தூரம் போய் ஏறுவார்கள்? நிலையத்தை நம்பி முப்பதாயிரம் பேருக்கென்று திட்டமிட்ட வால்தெலூஸ் என்ற புதுக் குடியிருப்பு 2008 பொருளாதாரச் சரிவில் பாதியில் நின்றது. சித்தூரிலும் நிலையம் என்ற பேச்சு வந்தவுடன் மனை போட்டு விற்க ஆள் வருவார்கள். நிலையம் வந்தாலே நிலம் பொன்னாகிவிடும் என்று சொல்பவரிடம் வால்தெலூஸைப் பற்றிக் கேளுங்கள்.

எல்லை என்ற கூடுதல் சிக்கல்

1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. மக்களின் போக்குவரத்து அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. சித்தூரிலும் குடிபாலாவிலும் உள்ளவர்கள் வைத்தியத்துக்கு வேலூர் போகிறார்கள்; வேலூர்க்காரர்கள் காணிப்பாக்கத்துக்கும் திருப்பதிக்கும் வருகிறார்கள். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று எல்லை நெடுகத் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. சித்தூர் நிலையம் வந்தால் அது ஆந்திர மண்ணில் இருக்கும். பயன்படுத்தப் போகிறவர்களில் பெரும் பங்கு காட்பாடி, வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆட்களாக இருப்பார்கள்.

ஆனால் ஷேர் ஆட்டோவின் பர்மிட்டுக்கு எல்லை தெரியும். காட்பாடியிலிருந்து வரும் ஆட்டோ கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. ஒரு மாநிலத்தின் டவுன் பஸ் இன்னொரு மாநிலத்து நிலைய வாசலுக்கு வர வேண்டுமென்றால் இரண்டு அரசும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட வேண்டும். நிலையம் கட்டுவது ஒன்றிய அரசின் கழகம், உள்ளே வரும் சாலை ஆந்திரம், பயணிகளில் ஒரு பாதி தமிழ்நாடு. மூன்று பேருக்கும் பொறுப்பு இருக்கும் இடத்தில் ஒருவரும் பொறுப்பெடுக்காமல் போவதுதான் நடக்கும்.

ஜெர்மனியில் இரு மாநிலங்கள் இப்படி மோதிக்கொண்டதற்கு ஓர் அடையாளம் நிலைத்துவிட்டது. கொலோன் – பிராங்பர்ட் அதிவேகப் பாதை 2002இல் திறந்தபோது, ரைன்லாந்து-பலட்டினேட் மாநிலத்துக்கு மொன்டபவுர் என்றும், ஹெஸ்ஸே மாநிலத்துக்கு லிம்புர்க் தெற்கு என்றும் சுமார் இருபது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நிலையங்கள் வந்தன. மேலே போட்ட ஆறு நிமிடக் கணக்கை வைத்துப் பார்த்தால், வண்டி ஒன்றில் கிளம்பி முழு வேகம் எடுப்பதற்குள் அடுத்ததற்கு பிரேக் போட வேண்டிய தூரம் அது. ஆனாலும் மொன்டபவுர் நன்றாகவே ஓடுகிறது. பதின்மூன்றாயிரம் சொச்சம் பேர் உள்ள சிற்றூர். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் பெரிய வாகன நிறுத்தம், அதே நிலையத்துக்கு உள்ளூர் ரயில். லிம்புர்க் தெற்கில் உள்ளூர் ரயில் நிற்காது, பஸ்தான்.

இனி நம் ஊர் கணக்கு. பலமநேரிலிருந்து சென்னைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு பஸ்ஸில் போனால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அதிவேக ரயில் சித்தூரிலிருந்து சென்னைக்கு, இடையில் இரண்டு இடத்தில் நின்றாலும், ஐம்பது நிமிடத்தில் போய்விடும் என்று வைப்போம். பலமநேரில் ஏறிய பஸ் நேராக ரயில் நிலைய வாசலுக்கே வந்தால்: பஸ் ஒரு மணி நேரம், பை சோதனைக்கும் காத்திருப்புக்கும் இருபது நிமிடம், ரயில் ஐம்பது நிமிடம். இரண்டு மணி பத்து நிமிடம். அதே பஸ் சித்தூர் பஸ் ஸ்டாண்டோடு நின்று, அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டியிருந்தால், காத்திருப்பும் ஆட்டோ பேரமும் பயணமுமாக இன்னொரு முக்கால் மணி நேரம் கூடும். ஏறக்குறைய ரயில் சென்னை வரை ஓடும் நேரம் அது. பல்லாயிரம் கோடி போட்டு ரயில் மிச்சப்படுத்திய நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை, ஒரு பஸ்ஸின் வழித்தடத்தை மாற்றாததால் இழந்துவிடுவோம்.

அதனால் நிலையம் எங்கே வர வேண்டும் என்று என்னைக் கேட்டால், காட்பாடி – சித்தூர் – பாகாலா – திருப்பதி ரயில் பாதையை அதிவேகப் பாதை கடக்கும் இடத்தில் என்றுதான் சொல்வேன். இந்தப் பழைய பாதை இன்னும் ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காகக் காத்துக் கிடந்து அலுத்துப்போனவர்கள் நாங்கள். திருப்பதி – பாகாலா – காட்பாடி 104 கிலோமீட்டரையும் 1332 கோடி ரூபாயில் இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது. அது முடிந்தால் அரை மணிக்கு ஒரு மெமு வண்டியை, அதாவது குறுந்தூர மின்சார ரயிலை, இதில் ஓட்டலாம். ஒரு பக்கம் காட்பாடி, அங்கிருந்து வேலூர், திருவண்ணாமலை. மறுபக்கம் பாகாலா, திருப்பதி. பாகாலாவில் பிரிந்தால் மதனப்பள்ளி. இரண்டு மாநிலத்தையும் ஒரே ரயில் துறை இணைக்கிறது. பர்மிட் பிரச்சினையே கிடையாது. மனிதர் காலால் மாறுவதற்குப் படிக்கட்டும் லிஃப்டும் மட்டும் போதும். இரட்டைப் பாதை வேலையும் அதிவேகப் பாதைத் திட்டமும் வேறு வேறு அலுவலகங்களில் நடப்பதால், ஒன்றின் வரைபடத்தில் மற்றொன்று இல்லாமல் போகும் அபாயம் நிஜமானது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது கோரிக்கை சீசன் டிக்கெட். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை போகும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் காலை நேரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை பேர் தினமும் போய்வருகிறார்கள் என்று. அதிவேக ரயிலில் மாதாந்தர பாஸ் இல்லையென்றால் அது கம்பெனி மேலாளர்களுக்கான வண்டியாகவே இருந்துவிடும். ஜப்பானிலும் ஸ்பெயினிலும் பாஸ் இருக்கிறது. இங்கே முடியாதது இல்லை.

முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பேசுவதற்கு அப்புறம் நேரம் இருக்கும். குஜராத்தின் பிலிமோரா நிலைய முகப்பை மாந்தோப்பை நினைவூட்டும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மாம்பழத்துக்குப் பேர்போன சித்தூருக்கும் யாராவது அதையே சொல்வார்கள். நன்றாக இருக்கட்டும். நான் அந்த வரைபடத்தில் முதலில் தேடுவது பஸ் நிற்கும் இடத்தை.

நிலையம் கிடைக்காத ஊர்கள்

ஒன்பது நிலையம் என்றால் மற்ற ஊர்கள் எல்லாம் வெளியே. சில்வர்லைன் பட்டியலில் பதினொரு நிலையங்கள் இருந்தன. பாலக்காடு அதில் இல்லை, பாதை அந்தப் பக்கமே போகவில்லை. வாளையாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களுக்கு அது திருச்சூர் வரை போய் ஏற வேண்டிய வண்டியாகத்தான் இருந்திருக்கும். இங்கே அந்த நிலையில் இருப்பது குப்பம். பழைய சென்னை – பெங்களூரு பாதையில் ஆந்திர மாநிலத்துக்குள் வரும் முக்கியமான நிலையம் அது. அதிவேகப் பாதை சித்தூர் வழியாகப் போனால் குப்பத்துக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது.

ஆனால் மறைமுகமாகக் கிடைக்கலாம், அல்லது பறிபோகலாம். வேக வண்டிகள் புதுப் பாதைக்கு மாறினால் பழைய பாதையில் இடம் காலியாகும். அந்த இடத்தில் குப்பம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் நிற்கும் வண்டிகளை அதிகமாக விடலாம். மாறாகவும் நடக்கலாம். ஜப்பானில் ஹொக்குரிகு அதிவேகப் பாதை 2015இல் கனசாவா வரையிலும் 2024இல் சுருகா வரையிலும் நீண்டபோது, பக்கத்தில் ஓடிய பழைய பாதையின் பகுதிகளைப் பெரிய ரயில் நிறுவனம் கைகழுவி உள்ளூர் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ்கள் நிறுத்தப்பட்டன அல்லது பாதியில் வெட்டப்பட்டன. பல இடங்களில் உள்ளூர்க் கட்டணமும் ஏறியது. நம் நாட்டில் பழைய பாதை ரயில்வேயின் கையிலேயே இருக்கும், அந்த அளவுக்குப் போகாது. ஆனால் “அதான் புல்லட் ரயில் வந்துடுச்சே” என்று சொல்லி ஒரு எக்ஸ்பிரஸின் நிறுத்தத்தை எடுப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆகவே குப்பத்துக்காரர்கள் சித்தூர் நிலையத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். புதுப் பாதை திறக்கும் நாளில் பழைய பாதையின் கால அட்டவணை எப்படி இருக்கும், இப்போது நிற்கும் வண்டிகளில் எவை நீடிக்கும், காலியாகும் நேரத்தில் எத்தனை மெமு வரும் என்பதை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். கோரிக்கை மனுவில் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களின் கையெழுத்தும் சேர்ந்திருந்தால் இரண்டு மாநிலத்து எம்.பி.க்களிடமும் ஒரே மனுவைக் கொண்டு போகலாம்.